எண்பத்தேழாம் வீடு

பாகீரதி வேலை பார்த்த அலுவலகத்தில் நகரத்தை வரைகிறவர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். நகரத்தில் நடக்கிறவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் சால்ட் லேக்கில், ஐந்தாம் மாடியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, கல்கத்தாவின் எந்தத் தெரு எத்தனை அடி அகலம் இருக்க வேண்டும் என்று அளவுகோல் வைத்து முடிவு செய்வார்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே யாராவது குடியிருக்கிறார்களா என்ற சந்தேகம் டீ குடிக்கிற நேரத்தில்கூட அவர்களுக்கு வராது. பாகீரதிக்கு வந்துகொண்டே இருந்தது. அதனால் அலுவலகத்தில் அவளுக்கு 'செருப்புத் தேய்ந்த பிளானர்' என்று பெயர்.

அப்பா சௌந்தரராஜன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து துறைமுக அலுவலகத்துக்குக் குமாஸ்தாவாக வந்தவர். பாலிகஞ்சில் இரண்டு அறை வீடு. பெண் பிறந்தபோது, துறைமுகத்தில் தினம் பார்க்கிற ஆற்றுக்கு அதன் மேற்பகுதியில் என்ன பெயர் என்று ஒரு வங்காளி நண்பரிடம் கேட்டார். பாகீரதி என்றார் அவர். அதையே பெண்ணுக்கு வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் டீச்சர்களுக்கு ஒரே சந்தோஷம், மதறாஸிப் பெண்ணுக்கு எங்கள் நதியின் பெயர் என்று. அவளும் அந்தச் சலுகையில் வங்காளம் பேசியே வளர்ந்தாள். தமிழ் வீட்டுக்குள், அம்மா கிருஷ்ணம்மாளோடு மட்டும்.

கட்டிடக்கலை படித்து, அதற்கு மேல் நகரத் திட்டமும் படித்து, எண்பத்தெட்டில் அவளுக்கு வேலை கிடைத்தது. கிருஷ்ணம்மாள் சொன்னது ஒன்றே ஒன்று. "ஊரையெல்லாம் கட்டப் போறியாக்கும். மொதல்ல நமக்குன்னு ஒரு வீட்டக் கட்டுட்டி. வாடகை வீட்லயே என் காலம் போயிரும் போலுக்கு." அது அப்படியேதான் போயிற்று. பாகீரதி வீடும் கட்டவில்லை, கல்யாணமும் கட்டவில்லை. அதைப் பற்றி அவளுக்குப் பெரிய விசாரம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

தொண்ணூற்றேழில் ஷீதலாதலா அவள் கைக்கு வந்தது. நகரத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு கால்வாய்க் கரை. நூற்றெண்பத்து நான்கு வீடுகள். எழுபத்தொன்றில் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து சண்டைக்குத் தப்பி வந்தவர்கள் போட்ட குடியிருப்பு அது. அம்மை கண்டால் வேண்டிக்கொள்கிற ஷீதலா தேவிக்கு ஒரு மரத்தடியில் கோயில் எழுப்பி, அந்தப் பெயரையே இடத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். அரசாங்க வரைபடத்தில் அந்த இடம் கால்வாயின் நீலக் கோட்டை ஒட்டி வெறும் வெள்ளைப் பட்டையாக இருந்தது. எழுநூறு பேர் பிறந்து, சமைத்து, சண்டை போட்டு, செத்துப்போகிற இடம் வெள்ளையாக இருந்தது. பாகீரதிக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

அங்கே வடிகாலும் குழாயும் கழிப்பறையும் அமைக்க உத்தரவு. வழக்கமாக இதற்கு ஓர் அதிகாரி, ஒரு போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வருவார். வந்து எழுதுவதுதான் கணக்கெடுப்பு. மக்கள் பங்கேற்பு என்ற சொல் கோப்புகளில் புதிதாகப் புழங்க ஆரம்பித்திருந்த காலம். சொல் எல்லாப் பக்கத்திலும் இருந்தது, பங்கேற்கிற மக்களைத்தான் எங்கும் காணோம். பாகீரதி மேலதிகாரி தாஸ்குப்தாவிடம் போய், "அங்க குடியிருக்கிறவங்களே வரையட்டும் சார். நான் பென்சில் மட்டும் கொடுக்கிறேன்" என்றாள். செலவில்லாத காரியம் என்பதால் அவர் உடனே சம்மதித்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பின் கிளப் அறையில் கலர் பென்சிலும் காகிதமுமாகக் காத்திருந்தாள். ஒருவர் வந்தார். மாலதி மண்டல், எண்பத்தேழாம் வீடு. கரியாஹாட் சந்தையில் அரிவாள்மணையை வைத்துக்கொண்டு வாங்குகிறவர்களுக்கு மீன் நறுக்கிக் கொடுக்கிற வேலை. வயது முப்பத்து நான்கு. உள்ளேகூட வராமல் வாசலில் நின்றே, தீதி என்று, அக்கா முறையில், கேட்டாள்.

"உடைக்க வந்தீங்களா, கட்ட வந்தீங்களா தீதி? மொதல்ல அதைச் சொல்லுங்க. எனக்கு மீன் காத்துக்கிட்டிருக்கு."

"கட்டத்தான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அடுத்த ஞாயிறு மாலதி எண்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தரையில் சாக்பீஸால் வரைந்தார்கள், அழித்தார்கள், அவன் வீட்டுக் கூரை என் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அடித்துக்கொள்ளாத குறையாகக் கத்தினார்கள். நான்கு ஞாயிறு, பொரியும் பச்சைமிளகாயும் டீயுமாக வேலை நடந்தது. கடைசியில் பன்னிரண்டு தாள்களை ஒட்டிய ஒரு பெரிய படம் தயாராயிற்று. செங்கல் வீடு சிவப்பு, மூங்கில் வீடு மஞ்சள், பொது இடம் பச்சை. ஒவ்வொரு வீட்டுக்கும் எண், குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், வீடு எந்த வருஷத்தது.

வருஷத்தைக் கேட்டது பாகீரதியின் யோசனை. பழைய சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்டினால் சுவர் சாயும். கட்டிடக்கலை படித்தவள் இல்லையா, வீட்டின் வயதைக் கேட்டாள். அவர்கள் வீட்டின் வயதைச் சொன்னார்கள். எல்லோரும் மூங்கிலையும் தார்ப்பாயையும் பிரித்துச் செங்கல் வைத்த வருஷத்தைச் சொன்னார்கள், அதுவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. சாக்குப் படுதா கட்டி வாழ்ந்த வருஷங்களை யார் தண்டோரா போடுவார்கள்?

"தொண்ணூத்தொண்ணு. பெரிசா எழுதுங்க" என்றாள் மாலதி. "ஒவ்வொரு செங்கலும் நான் தலையில தூக்கிட்டு வந்தது."

பாகீரதி நீல மையில், பெரிதாகவே எழுதினாள். நீங்கள் இங்கே வந்தது எந்த வருஷம் என்று அவள் கேட்கவில்லை. அதைக் கேட்க அப்போது ஒரு காரணமும் இருக்கவில்லை. குழாய் வைக்க வந்தவளுக்கு அது எதற்கு?

கிளப் அறைச் சுவரில் ஒரு தகரப் பலகை மாட்டியிருந்தது. ஆள் உயரம், பத்தடி நீளம். பங்குனியில் ஷீதலா பூஜை முடிந்து தேவியைக் கால்வாயில் கரைக்கத் தூக்கிப் போவார்கள். அந்த வருஷம் தேவியைத் தோளில் சுமந்தவர்களின் பெயர்களை அந்தப் பலகையில் பெயிண்டால் எழுதுவது வழக்கம். வருஷத்துக்குப் பன்னிரண்டு வீடு, முறை வைத்து. எழுபத்திரண்டிலிருந்து ஒரு வருஷம் விடாமல் எழுதியிருந்தார்கள். படத்தில் பச்சைக் கிளப் அறைக்குள் அந்தப் பலகையையும் ஒரு சின்னக் கட்டமாக யாரோ வரைந்துவிட்டார்கள்.

"இது எதுக்கு மேப்ல?" என்றாள் பாகீரதி.

"காலனி முழுக்க இதுலதான் இருக்கு தீதி" என்றார் கிளப் செயலாளர் நிமாய். மாலதி பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

கடைசி வேலையாகப் பாகீரதி ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தாள். அதிகாரிகள் பின்னால் தங்கள் இஷ்டத்துக்கு எண்களை மாற்றுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் படத்தின் அடியில் ஒரு வரி எழுதி, தாஸ்குப்தாவிடம் மன்றாடிக் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். 'மக்கள் சொன்னதே முடிவு. இந்தப் படத்திலுள்ள எதையும் எந்த அதிகாரியும் திருத்தக் கூடாது.' அன்று அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

குழாய் வந்தது. வடிகால் வந்தது. ஒரு சுவரும் சாயவில்லை. படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலக நடைக்கூடத்தில் மாட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பாகீரதி டில்லிக்கும் டாக்காவுக்கும் போய் அதைப் பற்றிப் பேசிவிட்டு வந்தாள். செருப்புத் தேய்ந்ததற்கு ஒரு பலன் கிடைத்தது என்று நிம்மதியாக ஐந்து வருஷம் இருந்தாள்.

இரண்டாயிரத்து இரண்டில் கால்வாயை அகலப்படுத்த முடிவாயிற்று. அது வேறு பிரிவின் வேலை. ஷீதலாதலா முழுவதும் காலி செய்ய வேண்டும். எண்பத்தைந்துக்கு முன்னால் குடியேறியவர்களுக்கு மாற்று வீடு, ஓர் அறையும் சமையல் கட்டும். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு ஒன்றும் கிடையாது. பாகீரதி இதைக் கேள்விப்பட்டுக் கவலைப்பட்டாள், ஆனால் பதறவில்லை. அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் எழுபதுகளில் வந்தவர்கள் என்பது அவளுக்குத் தெரியும். எல்லோருக்கும் வீடு கிடைத்துவிடும் என்றே நினைத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை மாலதி இரண்டு பஸ் மாறி சால்ட் லேக்குக்கு வந்தாள். சேலையில் மீன் வாடை. கையில் ஒரு நகல் தாள், மாற்று வீட்டுக்கான தகுதிப் பட்டியல்.

"பதிமூணு பேருங்க தீதி" என்றாள்.

"பதிமூணு பேருக்கு இல்லேங்கிறாங்களா?"

"பதிமூணு பேருக்குத்தான் இருக்குங்கிறாங்க."

பாகீரதி சிரித்துவிட்டாள். அச்சுப் பிழை என்று நினைத்தாள். தாளை வாங்கிப் படித்தாள். நூற்றெழுபத்தொரு வீட்டுக்கு எதிரே தகுதி இல்லை என்று இருந்தது. ஆதாரம் என்ற இடத்தில், மக்களே தயாரித்த வரைபடம், 1997.

எழுந்து நடைக்கூடத்துக்கு ஓடினாள். மாலதியும் பின்னால் ஓடி வந்தாள். கண்ணாடிக்குள் படம் அழகாக இருந்தது. சிவப்பு சிவப்பாக வீடுகள். எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்று மூன்று. எண்பத்தேழாம் வீட்டுக்குள் நீல மையில், பெரிதாக, தொண்ணூற்றொன்று. அவளுடைய கையெழுத்து. ஐந்து வருஷமாகத் தினம் இரண்டு வேளை இதைக் கடந்துதான் போய் வந்துகொண்டிருந்தாள்.

"நீ எப்ப வந்தே மாலதி?" என்று கேட்டாள்.

"எழுபத்திரண்டு. எனக்கு ஒம்போது வயசு. அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன்." மாலதி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க அதைக் கேக்கலியே தீதி. வீட்டத்தானே கேட்டீங்க."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். தன் கையால், தான் கொடுத்த பென்சிலால், சத்தியம் வேறு பண்ணிக்கொடுத்து, நூற்றெழுபத்தொரு குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியாயிற்று என்று பாகீரதிக்கு அந்த நிமிஷம் தெரிந்துபோயிற்று.

தாஸ்குப்தாவின் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர்களிடம் நியாயம் கேட்பது கெட்டவர்களிடம் கேட்பதைவிடக் கஷ்டம்.

"படத்தைத் திருத்தணும் சார். கேள்வி தப்பு. தப்பு என்னோடது."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாகீரதி, கீழே என்ன எழுதியிருக்கு? எந்த அதிகாரியும் திருத்தக் கூடாதுன்னு. நீங்கதான் எழுதினீங்க. நான் கையெழுத்துப் போட்டேன். இன்னிக்குத் திருத்தினா, நாளைக்கு எல்லாரும் எல்லாத்தையும் திருத்துவாங்க."

"அது மக்களைக் காப்பாத்த எழுதினது சார்!"

"தெரியும்" என்றார் அவர். "வெள்ளிக்கிழமை விசாரணை இருக்கு. எண்பத்தஞ்சுக்கு முந்தி எழுதின ஆதாரம் ஏதாவது இருந்தா கொண்டு வரச் சொல்லுங்க. வாய் வார்த்தை செல்லாது. எழுத்துல இருக்கணும்."

எழுத்தில் என்ன இருக்கும்? அந்தக் குடியிருப்புக்கு ரேஷன் அட்டையே எண்பத்தொன்பதில்தான் கொடுத்தார்கள். வெள்ளைப் பட்டையில் இருக்கிறவர்களுக்கு அதற்கு முன் விலாசமே கிடையாது. பாகீரதி திங்களும் செவ்வாயும் பழைய கோப்புகளில் தூசி தின்றாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தட்டில் போட்ட தோசையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணம்மாள் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, தோசைக் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"ஏட்டி, அவுகளுக்குக் கோயில் கீயில் கிடையாதா?"

"இருக்கு. ஷீதலா கோயில். நம்ம மாரியம்மன் மாதிரி."

"அப்ப பேரு எழுதி வச்சிருப்பாகளே. நம்மூர்ல ஒரு டியூப்லைட்டக் குடுத்துட்டு, வெளிச்சமே வராத மாதிரில்லா பேரெழுதி வைக்கான். மனுசன் கோயில்ல பேரெழுதாம இருப்பானாட்டி? நல்லா யோசிச்சுப் பாரு."

பாகீரதி தோசையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். "விடுட்டி, கரண்டி சூடு" என்றாள் கிருஷ்ணம்மாள்.

புதன் காலை டாக்சி பிடித்து ஷீதலாதலாவுக்குப் போனாள். வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பாக வந்தது. ஆள் உயரப் பலகை, வருஷம் போட்டு, பெயர் போட்டு. காலனி முழுக்க இதில்தான் இருக்கிறது என்று நிமாய் சொன்னது காதில் ஒலித்தது. இதைவிட என்ன எழுத்து வேண்டும்?

டாக்சியிலிருந்து இறங்கியவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். கிளப் அறை இல்லை. செங்கல் குவியலும், உடைந்த ஜன்னல் சட்டமும், மண் அள்ளுகிற மஞ்சள் இயந்திரமும் இருந்தன. மற்ற வீடுகள் எல்லாம் அப்படியே நின்றன. அது மட்டும் இல்லை.

"காலைல ஆறு மணிக்கு வந்தாங்க" என்றார் நிமாய். அவர் கண் சிவந்திருந்தது. "நோட்டீசு குடுத்தீங்களான்னு கேட்டோம். ஆள் குடியிருக்கிற சிவப்புக்கும் மஞ்சளுக்கும்தான் நோட்டீசாம். பச்சைக்குத் தேவையில்லையாம். மேப்பைக் காட்டினாங்க."

பச்சைப் பென்சிலை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். ஒரு மனுஷி நல்லது செய்யப் போய் இத்தனை கச்சிதமாகக் கெடுக்க முடியுமா? வேண்டுமென்றே உட்கார்ந்து திட்டம் போட்டவன்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டான்.

"பலகை?" என்றாள்.

"தகரத்தையெல்லாம் பழைய இரும்புக்காரன் வண்டியில ஏத்திட்டுப் போயிட்டான் தீதி."

அப்போது பின்னாலிருந்து மாலதி கூப்பிட்டாள். வலது கையில் துணி சுற்றியிருந்தது, துணியில் ரத்தம். "இங்க வாங்க" என்றாள். எண்பத்தேழாம் வீட்டுக்குப் பின்னால், சுவருக்கும் கால்வாய்க்கும் நடுவில், பத்தடிப் பலகை சாய்ந்து நின்றது. இயந்திரம் வந்த சத்தம் கேட்டதும் ஓடிப்போய், அடுத்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, முதலில் அதைக் கழற்றி இழுத்து வந்திருக்கிறாள். ஓரம் கையைக் கிழித்துவிட்டது.

"உனக்கு எப்படித் தோணிச்சு?"

"பேரு எழுதினதை யாராவது விட்டுட்டு வருவாங்களா?" என்றாள் மாலதி.

முப்பது வருஷ ஊதுபத்திப் புகையும் சாம்பிராணியும் ஏறிப் பலகை கறுத்துக் கிடந்தது. மாலதி மண்ணெண்ணெய் தொட்ட துணியால், வெட்டுப்படாத கையால், ஒவ்வொரு வரியாகத் துடைத்தாள். துடைத்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள். பாகீரதி எழுதிக்கொண்டே வந்தாள், வருஷ வாரியாக. எழுபத்திரண்டில் பன்னிரண்டு பேர், அவர்கள் வீட்டு எண்கள். எழுபத்து மூன்றில் பன்னிரண்டு பேர். எண்பத்து நான்கு வரை நூற்றைம்பத்தாறு பெயர். புதன் மத்தியானமும் வியாழன் பகலும் அதிலேயே போயின. ஒரு பெயர் விடாமல் மாலதி வாசித்தாள். செத்துப்போனவர்களுக்கு, இப்போது அந்த வீட்டில் இருக்கும் மகன் யார் என்றும் சொன்னாள். வீட்டு எண் ஒன்றைக்கூட அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பட்டியல் முடிந்தபோது பாகீரதிக்கு நாலு நாளுக்குப் பிறகு முதல் முறையாகப் பசித்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் விசாரணை. பன்னிரண்டு ஆண்கள் பலகையைத் தோளில் சுமந்து வந்தார்கள், தேவியைத் தூக்குகிற அதே நடையில். விசாரணை அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். வயதானவர், நிதானமானவர். பலகையின் அருகே போய், பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்து, வருஷங்களைப் படித்துவிட்டு, "நான் என் சர்வீஸ்ல இப்படி ஓர் ஆவணத்தைப் பாத்ததில்லை" என்றார்.

பாகீரதி தன் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தாள். படத்தில் கேட்ட கேள்வி தவறு, அதை வடிவமைத்தவள் நான், என்று நான்கே வரி. அதற்குப் பிறகு வேலையில் இருந்த காலம் வரை அவளுக்குப் பதவி உயர்வு வரவில்லை. டாக்காவிலிருந்தும் கூப்பிடவில்லை. அதெல்லாம் சின்ன விஷயம்.

அதிகாரி வீட்டு எண் வரிசையில் கூப்பிட்டார். ஒன்று, உண்டு. இரண்டு, உண்டு. மூன்று, பலகையில் இல்லை, எண்பத்தெட்டில் வந்தவர், அவரே ஒப்புக்கொண்டார். உண்டு, உண்டு, உண்டு. ஒவ்வொரு உண்டுக்கும் வகுப்பறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. நிமாய் அழுதுகொண்டே சிரித்தார். பாகீரதி விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு, தன் தப்பு ஒவ்வொரு வீடாகக் கழிவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எண்பத்தேழு. மாலதி மண்டல்."

அதிகாரியின் விரல் பாகீரதியின் பட்டியலில் மேலிருந்து கீழே வந்தது. மறுபடி மேலே போயிற்று. "எண்பத்தேழாம் வீட்டுப் பேரு இதுல இல்லையே."

"இருக்கும் சார்" என்றாள் பாகீரதி. "நல்லாப் பாருங்க. எழுபத்திரண்டுல வந்தவங்க."

"அவங்க வீட்டிலிருந்து யார் தேவியைச் சுமந்தாங்க? அப்பாவா, அண்ணனா?"

நிமாய் தலையைக் குனிந்துகொண்டார். மாலதிதான் பதில் சொன்னாள். "எங்க வீட்டுல ஆம்பளை கிடையாதுங்க. அம்மா வரும்போதே விதவை. எனக்கு எண்பத்தாறுலதான் கல்யாணம். அவரும் மூணு வருஷத்துல டில்லிக்குப் போறேன்னு போனவர்தான்."

ஆண் இல்லாத வீட்டுக்கு முறை கிடையாது. பெண்கள் பிரசாதம் சமைப்பார்கள், கோலம் போடுவார்கள், குலவை இடுவார்கள். தோளில் தூக்குவதில்லை. தூக்காதவர் பெயரைப் பலகையில் எழுதுவதில்லை. இது காலனியில் அத்தனை பேருக்கும் தெரிந்த வழக்கம். தெரிந்ததனாலேயே ஒருவருக்கும் அது நினைவில் வரவில்லை.

எழுந்தாள் பாகீரதி. என்ன பேசினாள் என்று அவளுக்கே பிறகு ஞாபகமில்லை. நூறு பேர் சாட்சி சொல்லத் தயாராக இருந்தார்கள், நிமாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தார். அதிகாரி வருத்தத்தோடுதான் சொன்னார். "வாய் வார்த்தை செல்லாது. எழுத்துல இருந்தா மட்டும்தான்." பிறகு எண்பத்தெட்டு என்று கூப்பிட்டார்.

நூற்று நாற்பது குடும்பங்களுக்குப் புதிதாக வீடு உண்டு என்று தீர்ப்பாயிற்று. இருபத்தைந்து பேர் நிஜமாகவே பிற்பாடு வந்தவர்கள். மீதி ஆறு வீடு, ஆறும் பெண்கள் மட்டும் இருந்த வீடுகள். அந்த ஆறு வீட்டுக்காகப் பாகீரதி அடுத்த நான்கு வருஷம் மனு மேல் மனுவாக எழுதினாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. கூட்டம் நடத்தப் போகும் இடங்களிலெல்லாம், வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு, முதலில் வராதவர்கள் வீட்டைத் தேடிக்கொண்டு அவள் போய்விடுவாள். அவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஐந்தாம் மாடியில் பேசிக்கொண்டார்கள்.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்று விசாரணை முடிந்ததும் ஆண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். சந்தேஷ் இனிப்பு வாங்க ஒரு கூட்டம், வீட்டுக்குச் சொல்ல ஒரு கூட்டம். பலகை பள்ளிக்கூடத்து முற்றத்தில் சுவரோரம் கிடந்தது. அதன் பக்கத்தில் மாலதி குந்தி உட்கார்ந்து, கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள்.

பாகீரதி எதிரில் போய் நின்றாள். "நான் மறுபடியும் பாக்காம விட்டுட்டேன்" என்றாள். "யார் யாரு பேரு இருக்குன்னு எழுதினேன். யாரு பேரு இல்லேன்னு பாக்கவே இல்லை. உனக்காவது தோணியிருந்தா..."

மாலதி நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதா தீதி? நூத்தி அம்பத்தாறு பேரையும் நான்தானே வாசிச்சேன்."

மண்ணெண்ணெய்த் துணியும், கிழிந்த கையும், ஒரு பெயர்கூடத் தடுமாறாமல் வாசித்த அந்தக் குரலும் பாகீரதிக்கு நினைவில் வந்தன.

"ஏன் சொல்லலே? ரெண்டு நாள் பக்கத்துலயே இருந்தேனே!"

"சொல்லியிருந்தா நீங்க எழுதறதை நிறுத்திட்டு எனக்கு வேற வழி தேடிக்கிட்டு ஓடியிருப்பீங்க. வெள்ளிக்கிழமை போயிருக்கும். எல்லார் வீடும் போயிருக்கும்." துணியின் முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். "அவனுங்க திரும்பி வர மாட்டானுங்க, இனிப்புத் தின்னப் போயிட்டானுங்க. இதை இங்கயே போட்டுட்டுப் போனா இரும்புக்காரன் தூக்கிடுவான். அந்தப் பக்கம் பிடிங்க தீதி."

மாலதி பலகையின் ஒரு முனையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். பாகீரதி மறுமுனையைத் தூக்கினாள். தகரம் தோளை அறுத்தது. இரண்டு பெண்களும் அதைச் சுமந்துகொண்டு, வழியில் இரண்டு இடத்தில் இறக்கிவைத்து மூச்சு வாங்கி, ஷீதலாதலாவுக்கு நடந்தார்கள்.